சிச்செரோனேயும் துபாஷியும்

புதிதாகச் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நம் சங்கத்தின் போன கூட்டத்தில் உங்களில் ஒரு பெண் எழுந்து, "அங்கிள், உங்க காலத்துல நம்ம வேலைக்கு என்ன பேரு?" என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். என் கையில் மைக் கிடைத்தால் லேசில் திரும்பாது என்று தெரிந்த தலைவர் அப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். அதனால் எழுதித் தருகிறேன். எழுதுகிறவனை யாரும் மேடையிலிருந்து இறக்க முடியாது.

உங்கள் பேட்ஜில் அரசாங்கம் கொடுத்த மலாய்ப் பெயர் அழகாக அச்சடித்திருக்கிறது. எங்களுக்கு பேட்ஜும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. மலாக்காவில் பண்டார் ஹிலிர் பகுதியில் ஒரு பாபா தவுக்கே, சீன முதலாளி, சின்னதாகப் பயண ஏஜென்சி வைத்திருந்தார். சிங்கப்பூரில் கப்பல் நின்றால், அங்கிருந்து காரில் மலாக்கா பார்க்க வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. தவுக்கே அதை "கைடு" என்பார். என் அம்மாவுக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. ஊர் சுற்றுவதற்குக்கூடச் சம்பளமா என்று சந்தேகப்பட்டு, எனக்குப் பெண் பார்த்த இடத்தில் "பையன் ஆபீசில் இருக்கிறான்" என்று சொல்லிவிட்டார். தெருவெல்லாம் என்னைப் பார்த்திருந்த பெண்வீட்டார் அதைப் பெருந்தன்மையாக நம்பினார்கள்.

எனக்குப் பிடித்த பெயரை ஒரு இத்தாலிக்காரர் கொடுத்தார். தலை நரைத்த மனிதர், குடையை ஊன்றிக்கொண்டு நடப்பார். குன்றின் மேல் இடிந்து நிற்கும் தேவாலயத்தில் நான் அவருக்குப் போர்த்துக்கீசியரில் ஆரம்பித்து ஒல்லாந்தர், வெள்ளைக்காரர், ஜப்பான்காரர் வரைக்கும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாத இடத்தில் கொஞ்சம் கைச்சரக்கும் சேர்த்தேன். இந்தத் தொழிலில் அது எல்லோருக்கும் உள்ள வியாதி, உங்களுக்கும் சீக்கிரம் வரும். கடைசியில் அவர் குடையைத் தூக்கி என்னைச் சுட்டி, "நீ சரியான சிச்செரோனே!" என்றார்.

என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவர் ஒரு கல்லறைக் கல்லின் மேல் உட்கார்ந்து ஆங்கிலத்தில் விளக்கினார். அவர் நாட்டில் இடிபாடுகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வரும்போது, உள்ளூர் ஆட்கள் கூடவே போய்ப் பேசிக்கொண்டே காட்டுவார்களாம். அவர்கள் பேசிய பேச்சைக் கேட்டு மலைத்தவர்கள், ஆதிகாலத்து ரோமாபுரியில் இருந்த ஒரு பெரிய பேச்சாளரின் பெயரையே அவர்களுக்கு வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர்தான் இந்தச் சொல். இங்கிலீஷ்காரர்களும் அதைக் கடன் வாங்கி வைத்திருக்கிறார்கள். "புகழ்ச்சியா, கேலியா?" என்று கேட்டேன். "பாதிக்குப் பாதி" என்றார். அந்தப் பேச்சாளர் கடைசியில் எப்படி இறந்தார் என்று கேட்டதற்கு, "பேசியதற்காகத் தலையை வெட்டினார்கள்" என்று சொல்லிவிட்டு, கொட்டாவி விட்டு எழுந்தார்.

நான் முதல் பாதியை மட்டும் காதில் போட்டுக்கொண்டேன். தவுக்கேயிடம் கெஞ்சி, என் பெயருக்குக் கீழே அந்தச் சொல்லைப் போட்டு அட்டை அடித்துக்கொண்டேன். நான் குடியிருந்த கம்போங்கில் பையன்கள் என்னைக் கண்டால் "சிச்செரோனே வாறாரு, காதை மூடு!" என்பார்கள். எனக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

மெர்டேக்கா, நம் சுதந்திரம், வந்து, பண்டார் ஹிலிர் திடலில் கட்டிய தோரணங்களின் சாயம் இன்னும் வெளுக்காத காலம். அதை அடுத்து வந்த போகியன்று ஒரு தம்பதி வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கம். கணவர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி கோமதியம்மாள். சிங்கப்பூரில் உறவுக்காரக் கல்யாணத்துக்கு வந்தவர்கள், அங்கிருந்து ஒரு நாள் பயணமாக மலாக்காவுக்கு வந்திருந்தார்கள். சாயங்காலம் திரும்பிவிட வேண்டும். வழக்கம்போலக் கோட்டை வாசலிலிருந்து ஆரம்பித்தேன். கோமதியம்மாள் என்னை நிறுத்தினார்.

"தம்பி, கோட்டையெல்லாம் இருக்கட்டும். எங்கண்ணனைத் தேடணும்" என்றார்.

அண்ணன் பெயர் சுந்தரம். வீட்டில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு கப்பலேறி, மலாக்காவில் புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாகச் சேர்ந்தவர். கணக்கு எழுதும் வேலை. தங்கைக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். ஜப்பான்காரன் வந்ததும் கடிதம் நின்றுபோனது. யுத்தம் முடிந்த பிறகும் வரவில்லை. "அவனுக்குத் திவசம் வச்சிராதீங்க, அவன் வருவான்" என்று அவர்கள் அம்மா சாகும்போது சொல்லிவிட்டுப் போனாராம். அதனால் அந்த வீட்டில் அவரை இருக்கிறவராகவும் சொல்ல முடியவில்லை, இல்லாதவராகவும் சொல்ல முடியவில்லை. விசேஷ நாளில் அண்ணன் பேச்சு வந்தால் கோமதியம்மாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார் என்று கணவர் என்னிடம் பிறகு சொன்னார்.

புக்கிட் ரம்பாய்க்குப் போனோம். நான் பிறந்த இடத்துக்குப் பக்கத்துத் தோட்டம்தான், எனக்கு அங்கே முகங்கள் தெரியும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசையில் வீடு வீடாகக் கேட்டேன். பழைய ஆட்கள் குறைவு. ஒரு பெரியவருக்கு மட்டும் சுந்தரம் கிராணியை நினைவிருந்தது. நல்ல மனிதர், மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவார் என்றார். அப்புறம்? "ஜப்பான்காரன் சயாம்ல ரயில் பாதை போட ஆள் பிடிச்சப்போ நிறையப் பேரு போனாங்க. சில பேரு பயந்து வேற ஊருக்கு ஓடிட்டாங்க. கிராணி எதுல போனாருன்னு தெரியாது லா" என்று கையை விரித்தார். அதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை.

கோமதியம்மாள் காருக்குள் போய் உட்கார்ந்த பிறகு, கணவர் என்னை ஒரு ரப்பர் மரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"தம்பி, நீங்க நல்லாப் பேசுதீங்க. எனக்கு ஒரு உபகாரம் செய்யணும். அந்தப் பெரியவர் தனியா உங்ககிட்ட சொன்னாருன்னு சொல்லி, அவன் இறந்துட்டான்னு சொல்லிருங்க. காய்ச்சல்ல, அமைதியா, பக்கத்துல நாலு பேரு இருக்கப் போனான்னு சொல்லுங்க. ஒரு நாள் அழுவா. அப்புறம் ராமேசுவரத்துல காரியத்தை முடிச்சிட்டு நிம்மதியா இருப்பா. நான் சொன்னா நம்ப மாட்டா, நீங்க சொன்னா நம்புவா."

கெட்ட மனிதர் இல்லை. மனைவி படும் பாட்டைப் பல வருஷமாகப் பார்த்துச் சலித்தவர். எனக்கும் அந்த அம்மாவைப் பார்த்து மனசு தாங்கவில்லை. தலையாட்டிவிட்டேன். உண்மையைச் சொன்னால், காரில் திரும்பும்போதே கதையைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன். எந்த ஆஸ்பத்திரி, என்ன மாதம், தலைமாட்டில் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. நல்ல கதை. அட்டையில் போட்ட பெயருக்குக் குறைவில்லாத கதை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர்களை காஜா பேராங்கில் மாக் மீனாட்சி வீட்டுக்கு அழைத்துப் போவதாக முன்பே ஏற்பாடு. மாக் என்றால் மலாயில் அம்மா. அவர் எங்கள் பக்கத்து வீடு. மலாக்கா செட்டி வம்சம். வருஷா வருஷம் போகிக்கு, அன்று என்னோடு யார் இருந்தாலும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுவார். அவர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம்மைப் போலவே சாமி கும்பிடுவார்கள், நம்மைப் போலவே பெயர் வைப்பார்கள், வீட்டில் பேசுவது மலாய். கெபாயாச் சட்டை போட்டு, கொண்டையில் பூ வைத்து வந்த மாக்கைக் கண்டதும் தலைமையாசிரியர் கைகூப்பி, திருநெல்வேலித் தமிழில் குசலம் விசாரித்தார். மாக் சிரித்தபடி "டுடுக், டுடுக்" என்று நாற்காலியைக் காட்டினார். அவருக்குத் தமிழ் வராது என்று சொன்னேன்.

"மீனாட்சின்னு பேரை வச்சிக்கிட்டுத் தமிழ் வராதா!" என்று அவர் வியந்தார். பிறகு என்னைப் பார்த்து, "அப்போ இன்னைக்கு நீங்கதான் துபாஷி" என்றார். துபாஷி என்றால் இரண்டு பாஷைக்காரன். அந்தக் காலத்தில் மதராசில் கப்பலிலிருந்து இறங்கும் வெள்ளைக்காரனுக்குப் பேச்சை மாற்றிச் சொல்லி, கடையும் காட்டி, ஊரும் காட்டிய ஆட்களை அப்படித்தான் அழைத்தார்களாம். அதுவும் வடக்கேயிருந்து கடன் வாங்கிய சொல்தான் என்று பள்ளிக்கூட வாத்தியார் தோரணையில் விளக்கினார். எனக்கு மனசுக்குள் ஒரு இளக்காரம். வெறும் பேச்சு மாற்றுகிற வேலை. நான் யார், சிச்செரோனே!

உள்ளே பார்ச்சு நடந்துகொண்டிருந்தது. இறந்துபோன முன்னோர்களுக்குப் போகியன்று செட்டிமார் வைக்கும் படையல் அது. வாழையிலை வரிசையாகப் போட்டு, சோறு, ஆட்டுக்கறி, மீன், சம்பால், பலகாரம், பழம் எல்லாம் வைப்பார்கள். விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, குடும்பம் முழுவதும் வெளியே வந்துவிடும். போனவர்கள் வந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். அதுவரை யாரும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. மாக் கதவைச் சாத்திவிட்டு வந்து, முற்றத்து மாமரத்தடியில் எங்களோடு உட்கார்ந்தார். எல்லோரும் சும்மா இருந்தோம். சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

கோமதியம்மாள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, நீங்க நாலு இடம் போறவங்க, நாலு பேரைக் கேக்கறவங்க. மறைக்காமச் சொல்லுங்க. எங்கண்ணன் இருக்கானா, இல்லையா?"

கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இதுதான் நேரம் என்று எனக்கும் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, தோட்டத்துல அந்தப் பெரியவர் தனியா என்கிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

அந்த அம்மாவின் கண்ணில் நீர் நிறைந்ததை மாக் பார்த்துவிட்டார். என்ன விஷயம் என்று மலாயில் என்னைக் கேட்டார். அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு, அவருக்குத் தெரியாமல் ஒரு சாவுச் சேதியைச் சொல்ல முடியாது. அது மரியாதை இல்லை. அதனால் ரகசியக் குரலில் மலாயில் சொன்னேன். இவர் அண்ணன் ஜப்பான்காரன் காலத்தில் காணாமல் போனவர், அவர் இறந்துவிட்டார் என்று இப்போது இவருக்குச் சொல்லப்போகிறேன் என்றேன்.

மாக் என்னை உற்றுப் பார்த்தார். "சியாப்பா தெங்கோக்?" என்றார்.

யார் பார்த்தது என்று கேட்கிறார். சாதாரணக் கேள்வி. என் கதையில் ஆஸ்பத்திரி இருந்தது, மாதம் இருந்தது, தலைமாட்டில் நாலு பேர் இருந்தார்கள். ஆனால் நிஜமாகப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. மாக்கின் மூத்த மகன் சயாம் ரயிலுக்குப் போய் இறந்தவர். அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு அவர் எத்தனை வாசல் ஏறி இறங்கினார் என்பதைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் போய் எப்படிக் கைச்சரக்கை எடுத்து வைப்பது?

"என்ன கேக்காங்க?" என்றார் கோமதியம்மாள்.

இப்போது நான் துபாஷி. கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எனக்கு எதிராக வந்த கேள்வியை நானே தமிழில் எடுத்துக்கொடுத்தேன்.

"யாரு பார்த்ததுன்னு கேக்கறாங்க அம்மா."

"யாரு பார்த்தா?"

தலைமையாசிரியர் லேசாக இருமினார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

"யாரும் பார்க்கலை அம்மா. எனக்குத் தெரியாது. இருக்காரா இல்லையான்னு இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது" என்றேன். இந்தத் தொழிலுக்கு வந்து நான் முதல் தடவையாகத் 'தெரியாது' என்று சொன்னது அன்றைக்குத்தான். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது, ஏனென்றால் அந்த அம்மாவின் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

மாக்தான் பேசினார். வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து பேசினார். நான் என் சொந்தச் சரக்கு ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

"என் மகன் போனதும் எல்லோரும் உள்ளே அவனுக்கும் ஒரு இலை போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. இலை போட்டால் அவன் செத்தவன். கண்ணால் பார்த்தவர் வந்து சொல்லட்டும் என்றேன். அதுவரை வெளியே, நாங்கள் சாப்பிடும் மேசையில், உயிரோடு இருக்கிறவர்களோடு அவனுக்கு ஒரு தட்டு வைத்தேன். பசியோடு வந்தவர்கள் யாரோ அதைச் சாப்பிட்டார்கள். பிறகு அவனோடு வேலை செய்த பையன் ஒருவன் திரும்பி வந்து சொன்னான். அதற்கப்புறம்தான் இலை. இது எங்கள் வழக்கம் இல்லை. நானாக வைத்துக்கொண்டது. உங்கள் அண்ணனுக்கு இலை வேண்டுமானால் கதவைத் திறந்து போடுகிறேன். தட்டு வேண்டுமானால் தட்டு வைக்கிறேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

கடைசி வாக்கியத்தை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். எந்தப் பக்கமும் சாய்ந்துவிடாமல் சொல்ல வேண்டுமே என்ற பயம் எனக்கு. கோமதியம்மாள் கணவரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிறகு அந்த அம்மா மூடிய கதவைப் பார்த்தார்.

"தட்டு" என்றார்.

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மாக் அவர் கையைப் பிடித்து எழுப்பினார்.

கதவு திறந்து, மேசை போட்டு, எல்லோருக்கும் பரிமாறினார்கள். ஒரு தட்டு தனியாக வந்தது. அண்ணன் மரக்கறிதான் சாப்பிடுவார் என்று நான் சொன்னதால், மாக் சோற்றோடு காய்களாக எடுத்து வைத்தார். கத்திரிக்காய்ச் சம்பாலை வைக்கப்போனபோது கோமதியம்மாள் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார்.

"ஐயோ, கத்திரிக்காய் வைக்காதீங்க! அவனுக்கு ஆகாது. தட்டைத் தள்ளிட்டுப் போயிருவான்!"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். சின்ன வயதில் அண்ணன் கத்திரிக்காயை ஒளித்துத் தங்கை இலையில் போடுவாராம், அம்மாவிடம் அடி வாங்குவது தங்கையாம். அழுகையும் சிரிப்புமாக அவர் சொல்லச் சொல்ல நான் மாக்குக்குச் சொன்னேன். மாக் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் கோமதியம்மாள் அந்தத் தட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நீங்க சாப்பிடுங்க தம்பி. அவனுக்கும் எங்கேயோ யாரோ இப்படிப் போட்டிருப்பாங்க" என்றார். அவரும் சாப்பிட்டார். பாதியில் எழவில்லை.

கார் கிளம்பும் முன் தலைமையாசிரியர் என்னிடம் தனியாக வந்தார். "நான் கேட்டுக்கிட்டதை நீங்க செய்யலை" என்றார். மன்னித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்து, "இல்லை, நல்லதாப் போச்சு. அவ அண்ணனைப் பத்திச் சிரிச்சுப் பேசி நான் இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் வேலைக்குக் கடன் வாங்கிய பெயர்கள் நிறைய உண்டு. சிச்செரோனே தன் பேச்சைப் பேசுகிறவன். துபாஷி அடுத்தவர் பேச்சைச் சுமக்கிறவன். முதல் வேலையில் கைதட்டல் கிடைக்கும். இரண்டாவதில் நீங்கள் அங்கே இருந்ததையே மறந்துவிடுவார்கள். இரண்டும் வேண்டும். நான் இன்றைக்கும் வாயாடிதான், அந்தக் குன்றில் என்னை விட்டால் சாயங்காலம்வரை பேசுவேன். ஆனால் ஒரு மனிதரின் சொந்தக் காரியம் என்று வந்துவிட்டால், வாயைத் திறக்கும் முன் "சியாப்பா தெங்கோக்?" என்று எனக்குள் கேட்டுக்கொள்வேன். பதில் இல்லையென்றால் தெரியாது என்று சொல்வேன். மீதியிருந்த அட்டைகளை நான் கிழித்துப் போடவில்லை, அவ்வளவு பெரிய மனிதன் இல்லை. தீரும்வரை கொடுத்தேன். அடுத்து அடித்த அட்டையில் வெறும் பெயர்தான்.

சுந்தரம் கிராணியைப் பற்றி அதற்குப் பிறகும் தகவல் எதுவும் வரவில்லை. பார்த்தவர் யாரும் வந்து சொல்லவுமில்லை. அதனால் ஒவ்வொரு போகிக்கும் அந்தத் தட்டு இன்னும் மாக் வீட்டு மேசையில்தான் இருக்கிறது. மாக் போன பிறகு மாக்கின் மகள் வைத்தார், இப்போது பேத்தி வைக்கிறாள். பொங்கலுக்குத் திருநெல்வேலியிலிருந்து கோமதியம்மாள் வாழ்த்து அட்டை போடுவார். அதில் "சாப்பிட்டாச்சா?" என்று மட்டும் கேட்டிருக்கும். சாப்பிட்டேன் என்று எழுதுவேன். இப்போது அவர் மகள் கேட்கிறாள்.

இத்தனை வருஷமாக நானே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டேன். இந்த வருஷம் டாக்டர் எனக்குக் கஞ்சி போதும் என்று சொல்லிவிட்டார். அதனால் போகியன்று உங்களில் ஒருவர் காஜா பேராங்குக்கு வர வேண்டும். யாரென்று யாரும் கேட்க மாட்டார்கள். கதவு திறந்ததும் பசிக்கிறது என்று சொன்னால் போதும், தட்டு வந்துவிடும். கத்திரிக்காய் மட்டும் கேட்காதீர்கள்.